தொடர் ஓட்டத்தில் முதல் எஸ்டர்: திட அமில ஊக்கியோடு வேலை தொடங்குபவர்களுக்கு

குடுவையில் ஆல்கஹாலையும் கார்பாக்சிலிக் அமிலத்தையும் ஊற்றி, நாலு சொட்டு அடர் சல்ஃப்யூரிக் அமிலம் விட்டு ரிஃப்ளக்ஸ் செய்வது, அப்புறம் அந்தச் சல்ஃப்யூரிக் அமிலத்தை வெளியேற்ற பைகார்பனேட்டோடு மல்லுக்கட்டுவது, இதெல்லாம் கெமிஸ்ட்ரி படித்த எல்லோரும் செய்த வேலைதான். ஃபிஷரும் ஸ்பையரும் 1895-இல் வெளியிட்ட முறை இன்றும் அப்படியே ஓடுகிறது. அதே வினையில், ஊக்கியாக வரும் அமிலத்தை ஒரு திடப்பொருளாகக் குழாய்க்குள் அடைத்துவிட்டு, கலவையை ஒரு முனையில் பம்ப் வைத்துத் தள்ளி, மறுமுனையில் எஸ்டராகப் பிடிக்கலாம். தொடர் ஓட்டம் என்று நான் சொல்வது இதைத்தான். அமிலம் குழாயிலேயே தங்கிவிடும், வடிகட்டும் வேலை கிடையாது, அடுத்த நாளும் அதே குழாயில் ஓட்டலாம்.

ஆனால் தொடங்கும்போதே ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். குழாயிலிருந்து எஸ்டர் சொட்டுகிறது என்பது பாதி வேலைகூட இல்லை. அந்த எஸ்டரை உள்ளே இருக்கும் திடப்பொருள்தான் செய்கிறதா, அதிலிருந்து கரைந்து வந்த அமிலம் செய்கிறதா, நாளைக்கும் அதே வேகத்தில் செய்யுமா, இந்த மூன்றுக்கும் அளந்து பதில் சொல்ல வேண்டும். 'மறுபயன்பாட்டு ஊக்கி' என்று எழுதும் உரிமை அதற்குப் பிறகுதான் வரும். இந்தக் கட்டுரையில் பாதி இடத்தை அதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

எந்த வினையில் தொடங்குவது

அசிட்டிக் அமிலமும் 1-பியூட்டனாலும் சேர்ந்து பியூட்டைல் அசிட்டேட் ஆகும் வினையை எடுத்துக்கொள்ளுங்கள். அசிட்டிக் அமிலத்தின் கொதிநிலை 118 டிகிரி, பியூட்டனாலும் கிட்டத்தட்ட அதேதான், எஸ்டர் 126. அதனால் 80 டிகிரியில் ஓட்டும்போது குழாய்க்குள் எதுவும் கொதிக்காது, பின்னழுத்தம் கொடுக்கும் ரெகுலேட்டர் வாங்கத் தேவையில்லை. எத்தனாலில் தொடங்கினால் அதன் கொதிநிலை 78 டிகிரிதான் என்பதால் ஆவி, குமிழி என்று முதல் நாளே தலைவலி. போதாததற்கு எத்தனால் வாங்க கலால் அனுமதி வேறு வேண்டும்.

இது சமநிலை வினை என்பதை மறந்துவிடாதீர்கள். எத்தனாலையும் அசிட்டிக் அமிலத்தையும் சம மோல் எடுத்தால் வினை மூன்றில் இரண்டு பங்கோடு நின்றுவிடுகிறது என்று பெர்த்தெலோவும் பெயான் டி சான்-ஜீலும் 1862-லேயே காட்டிவிட்டார்கள். அதாவது சமநிலை மாறிலி சுமார் 4. பியூட்டனாலுக்கும் ஏறத்தாழ அதே எண்ணை வைத்துக் கணக்குப் போடலாம்: ஒரு மோல் அமிலத்துக்கு ஒரு மோல் ஆல்கஹால் என்றால் 67 சதவீதம், இரண்டு என்றால் 85, மூன்று என்றால் 90, நான்கு என்றால் 93. எவ்வளவு நல்ல ஊக்கி போட்டாலும் இந்த உச்சவரம்பைத் தாண்ட முடியாது, ஏனென்றால் ஊக்கி வேகத்தை மாற்றுமே தவிர சமநிலையை மாற்றாது. வெப்பநிலையை ஏற்றினாலும் பெரிய பலன் இல்லை, எஸ்டராக்கலில் வெளியாகும் வெப்பம் மிகக் குறைவு. நாம் ஒன்றுக்கு மூன்று என்று எடுப்போம்.

எந்தத் திட அமிலம்

தொடங்குபவர்களுக்கு ஆம்பர்லிஸ்ட்-15. சல்ஃபோனிக் அமிலத் தொகுதிகள் ஒட்டியிருக்கும் பாலிஸ்டைரீன் பிசின் மணிகள், முக்கால் மில்லிமீட்டர் அளவு, பெரிய துளைகள் கொண்டவை. ஒரு கிராம் உலர்ந்த பிசினில் சுமார் 4.7 மில்லிசமானம் அமிலம் இருக்கும். தாங்கும் வெப்பம் 120 டிகிரி வரைதான், அதற்கு மேல் போனால் சல்ஃபோனிக் தொகுதி கழன்று சல்ஃப்யூரிக் அமிலமாக வெளியே வரத் தொடங்கும். பெட்ரோலில் கலக்கும் எம்டிபிஇ-யை ஐசோபியூட்டிலீனிலிருந்தும் மெத்தனாலிலிருந்தும் செய்ய ஆலைகளில் இந்த வகைப் பிசின்தான் பயன்பட்டது, ஆகவே பெரிய அளவில் நிரூபணமான பொருள். நம் நாட்டில் இண்டியான், டல்சியான் பெயர்களிலும் சல்ஃபோனிக் பிசின்கள் கிடைக்கும். வாங்கும்போது ஹைட்ரஜன் வடிவமா, பெருந்துளை வகையா என்று கேட்டு வாங்குங்கள். தண்ணீரை மென்மையாக்கும் சோடியம் வடிவப் பிசினை அப்படியே போட்டால் அதில் அமிலமே இல்லை.

மற்றவற்றைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஜியோலைட்டுகள், அதாவது நுண்துளைகள் கொண்ட அலுமினோசிலிகேட் படிகங்கள், அதிக வெப்பம் தாங்கும், அழுக்கு படிந்தால் எரித்துச் சுத்தம் செய்யலாம், ஆனால் துளை ஒரு நானோமீட்டருக்கும் குறைவு என்பதால் பருமனான மூலக்கூறு உள்ளே போகாது. அனிசோலை அசிட்டிக் அன்ஹைட்ரைடோடு சேர்த்து 4-மெத்தாக்சி அசிட்டோஃபீனோன் செய்ய, ரோன்-பூலாங்க் நிறுவனம் 1990-களில் பீட்டா ஜியோலைட்டை நிலையான படுகையில், அதாவது குழாய்க்குள் அசையாமல் அடைத்த அடுக்காக, வைத்து ஓட்டியது. வழக்கமான அலுமினியம் குளோரைடும் அதன் கழிவும் அதோடு போயின. திட அமிலத்தால் என்ன லாபம் என்று யாராவது கேட்டால் நான் முதலில் காட்டும் உதாரணம் இதுதான். சிலிக்காவில் ஏற்றிய ஹெட்டரோபாலி அமிலத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை: அது ஆல்கஹாலிலும் தண்ணீரிலும் கரைந்து போய்விடும். எஸ்டராக்கலுக்கு அது ஒத்துவராது, ஆனாலும் பலர் போடுகிறார்கள்.

பிசினைத் தயார் செய்வது

புதுப் பிசினை டப்பாவிலிருந்து நேராகக் குழாயில் போடாதீர்கள். தயாரிப்பின்போது மிச்சமான சிறு சல்ஃபோனிக் துண்டுகள் அதில் இருக்கும், முதலில் கழுவும் மெத்தனால் பழுப்பாக வரும், அந்தப் பழுப்பு நீரே அமிலம்தான். நிறமில்லாமல் வரும்வரை மெத்தனாலில் கழுவுங்கள், அப்புறம் அயனி நீக்கிய நீரில், பிஹெச் தாளில் நடுநிலை காட்டும்வரை. குழாய்த் தண்ணீரோ போர் தண்ணீரோ கூடவே கூடாது. நம் ஊர் போர் தண்ணீரில் இருக்கும் கால்சியமும் மெக்னீசியமும் ஹைட்ரஜன் அயனியைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்ளும், நீங்கள் கழுவக் கழுவ ஊக்கி செத்துக்கொண்டிருக்கும். கழுவியதை 100 டிகிரியில், வெற்றிட அடுப்பு இருந்தால் அதில், இரவு முழுக்க உலர்த்துங்கள்.

உலர்ந்ததும் அமிலக் கொள்திறனை அளந்துவிடுங்கள். 0.1 கிராம் பிசினைத் துல்லியமாக எடை போட்டு, 25 மி.லி. நிறைவுற்ற உப்புக் கரைசலில் போட்டு இரவெல்லாம் கலக்கவிட்டு, வெளியே வந்த அமிலத்தை 0.1 நார்மல் சோடியம் ஹைட்ராக்சைடால் டைட்ரேட் செய்யுங்கள். பியூரெட்டில் 4.7 மி.லி. இறங்கினால் கொள்திறன் கிராமுக்கு 4.7 மில்லிசமானம், கணக்குப் போடவே தேவையில்லாத அளவுக்கு எண் நேராக வரும். கலக்க மேக்னெட்டிக் பார் போட்டால் மணிகள் அரைபட்டுப் பொடியாகும், ஷேக்கர் நல்லது. இந்த எண்ணை நோட்டில் பெரிதாக எழுதி வையுங்கள், கடைசியில் தேவைப்படும்.

குழாயை நிரப்புவது

உள்விட்டம் 10 மி.மீ. உள்ள, சுற்றி வெந்நீர் ஓடும் உறை கொண்ட கண்ணாடிக் குழாய் போதும். விட்டம் மணியின் அளவைப்போலப் பத்து மடங்காவது இருக்க வேண்டும் என்பது பொது விதி, இல்லையென்றால் திரவம் மணிகளைத் தொடாமல் சுவரோரமாகவே ஓடிவிடும். நமக்கு இங்கே சுமார் 13 மடங்கு, பரவாயில்லை.

மூன்று கிராம் உலர்ந்த பிசினை எடுத்து ஒரு பீக்கரில் பியூட்டனாலில் ஊறவையுங்கள். ஊறவைத்த கொண்டைக்கடலைபோல மணிகள் வீங்கும், வீங்கி முடிந்த பிறகுதான் குழாய்க்குப் போக வேண்டும். உலர்ந்த பிசினைக் குழாய் நிறைய அழுத்தி அடைத்துவிட்டு ஆல்கஹாலைத் தள்ளினால், வீங்க இடமில்லாமல் மணிகள் நொறுங்கும், மோசமானால் கண்ணாடியே விரியும். அடியில் கொஞ்சம் குவார்ட்ஸ் கம்பளி வைத்து, குழாயில் பாதி பியூட்டனால் நிரப்பி, ஊறிய பிசினைக் கூழாகவே ஊற்றுங்கள். குழாயை விரலால் தட்டிக்கொண்டே இருந்தால் மணிகள் ஒழுங்காகப் படியும். படுகையின் உயரம் சுமார் 8 செ.மீ. வரும். மேலேயும் கம்பளி வைத்து, நகரும் மூடி இருந்தால் அதைப் படுகையோடு ஒட்டி இறக்குங்கள்.

கணக்கு இது: 8 செ.மீ. படுகையின் கொள்ளளவு சுமார் 6.3 மி.லி. மணிகளுக்கு இடையில் இருக்கும் காலியிடம் அதில் 40 சதவீதம் என்று வைத்தால் 2.5 மி.லி. நிமிடத்துக்கு 0.25 மி.லி. தள்ளினால் தங்கும் நேரம், அதாவது திரவம் படுகைக்குள் இருக்கும் நேரம், 10 நிமிடம், 0.5 என்றால் 5, 0.1 என்றால் 25. இது தோராயம்தான், ஏனென்றால் வீங்கிய மணிக்குள்ளும் திரவம் இருக்கிறது. ஆனாலும் ஓட்டங்களை ஒன்றோடொன்று ஒப்பிட இது போதும்.

திரவத்தைக் கீழிருந்து மேலாக அனுப்புங்கள். சூடாகும் திரவத்திலிருந்து காற்றுக் குமிழி வரும், மேல்நோக்கிய ஓட்டத்தில் அது தானாக வெளியேறிவிடும். கலவையைப் பத்து நிமிடம் சோனிகேட்டரில் வைத்தால் குமிழித் தொல்லை இன்னும் குறையும்.

பம்ப், சூடு, பாதுகாப்பு

பழைய எச்பிஎல்சி பம்ப் ஒன்று துறையில் தூசி படிந்து கிடந்தால் அதுவே போதும். சிரிஞ்ச் பம்ப் என்றால் கண்ணாடி சிரிஞ்ச் வையுங்கள், ரப்பர் பிஸ்டன் உள்ள பிளாஸ்டிக் சிரிஞ்ச் இந்தக் கலவையில் ஊறி இறுகி நின்றுவிடும். பம்புக்கும் குழாய்க்கும் நடுவில் ஒரு மீட்டர் டெஃப்லான் நுண்குழாயைச் சுருட்டி அதே 80 டிகிரி வெந்நீரில் மூழ்க வையுங்கள், இல்லையென்றால் படுகையின் கீழ்ப்பகுதி குளிர்ந்த திரவத்தைச் சூடாக்குவதிலேயே வீணாகும்.

முதலில் குளிர்ந்த நிலையில் வெறும் பியூட்டனாலை ஓட்டி ஒவ்வொரு இணைப்பிலும் டிஷ்யூ பேப்பர் வைத்துக் கசிவு பாருங்கள். சூடாக்குவது அதற்குப் பிறகுதான். இரண்டு முனையும் மூடிய குழாயை ஒருபோதும் சூடாக்காதீர்கள். பியூட்டைல் அசிட்டேட்டின் தீப்பற்றுநிலை 22 டிகிரி, அதாவது நம் ஊர் அறை வெப்பத்திலேயே அதன் ஆவி தீப்பிடிக்கும். எல்லாம் ஃப்யூம் ஹூட்டுக்குள், சேகரிக்கும் பாட்டில் உட்பட, பக்கத்தில் பர்னரோ ஹாட் பிளேட்டோ இல்லாமல். பம்பில் உச்ச அழுத்த வரம்பை, உங்கள் கண்ணாடிக் குழாய் தாங்கும் அளவுக்குக் கீழே வைத்துவிடுங்கள். இந்த மணிகளுக்கும் இந்த ஓட்டத்துக்கும் அழுத்தம் கிட்டத்தட்ட பூஜ்ஜியமாகவே இருக்க வேண்டும். மெல்ல மெல்ல ஏறுகிறதென்றால் எங்கோ மணி நொறுங்கிப் பொடி அடைக்கிறது என்று அர்த்தம், ஓட்டத்தை நிறுத்திப் பாருங்கள். ஆள் இல்லாமல் இரவில் ஓட்டுவதெல்லாம் பிற்பாடு.

ஓட்டுவதும் அளப்பதும்

30 கிராம் அசிட்டிக் அமிலம், 111 கிராம் பியூட்டனால், இது அரை மோலுக்கு ஒன்றரை மோல். மொத்தம் சுமார் 166 மி.லி., லிட்டருக்கு 3 மோல் அமிலம். இதில் 1 மி.லி. எடுத்து 20 மி.லி. குளிர்ந்த ஐசோபுரோப்பனாலில் விட்டு, ஃபீனால்ஃப்தலீன் போட்டு 0.1 நார்மல் சோடியம் ஹைட்ராக்சைடால் டைட்ரேட் செய்தால் 30 மி.லி. ஆகும். வெளியே வரும் திரவத்துக்கும் இதையே செய்யுங்கள். 15 மி.லி. ஆனால் பாதி மாறியிருக்கிறது, 3 மி.லி. ஆனால் 90 சதவீதம், அதாவது உச்சவரம்பு. ஜிசி (கேஸ் குரோமட்டோகிராஃப்) இல்லாத கல்லூரியிலும் இதைச் செய்யலாம் என்பதால்தான் இந்த வினையை எடுத்தேன். முதல் இளஞ்சிவப்பு அரை நிமிடம் நின்றால் நிறுத்திவிடுங்கள், அதற்குமேல் காத்திருந்தால் காரம் எஸ்டரையே உடைக்கத் தொடங்கி நிறம் மெல்ல மங்கும், அதைத் துரத்திக்கொண்டு போகக் கூடாது. கலவை பாட்டிலில் இருக்கும்போதே மெதுவாக வினைபுரியும், ஆகவே தொடக்க அளவை ஒவ்வொரு நாளும் புதிதாக எடுங்கள்.

ஓட்டத்தை மாற்றியவுடன் வரும் முதல் திரவம் எதையும் சொல்லாது. தங்கும் நேரத்தைப்போல மூன்று நான்கு மடங்கு காத்திருந்து, அடுத்தடுத்த இரண்டு மாதிரிகள் ஒரே டைட்டர் (பியூரெட்டில் இறங்கிய மி.லி.) காட்டினால்தான் அது நிலைத்த அளவு. முதல் நாள் இதற்கு இன்னும் நேரம் ஆகும், ஏனென்றால் பிசின் தண்ணீரையும் அசிட்டிக் அமிலத்தையும் தனக்குள் இழுத்து நிறைத்துக்கொள்ளும்.

0.25 மி.லி. ஓட்டத்தில் 90 சதவீதம் கிடைத்தால் மணிக்கு சுமார் 4.7 கிராம் எஸ்டர், இவ்வளவு சின்னக் குழாய்க்கு இது நல்ல விளைச்சல். ஆனால் அந்த எஸ்டரைத் தூய்மையாகப் பிரித்தெடுக்க வேண்டுமென்றால் ஒரு சிக்கல் இருக்கிறது: மிச்சமிருக்கும் பியூட்டனாலும் எஸ்டரும் சேர்ந்து மாறாக் கொதிநிலைக் கலவையாக ஒன்றாகவே வடியும். விளைபொருள்தான் உங்களுக்கு வேண்டுமென்றால் விகிதத்தைத் திருப்பிப் போட்டு அசிட்டிக் அமிலத்தை மூன்று மடங்கு எடுங்கள், மிச்ச அமிலம் பைகார்பனேட்டில் போய்விடும். கற்றுக்கொள்ளும் கட்டத்தில் ஆல்கஹால் அதிகமாக இருப்பதுதான் வசதி, டைட்ரேஷன் அப்போதுதான் கூர்மையாக இருக்கும்.

திடப்பொருள்தான் வேலை செய்கிறதா

முதலில் வெற்றோட்டம். அதே குழாயில் பிசினுக்குப் பதில் அதே அளவு கண்ணாடி மணிகளைப் போட்டு, அதே சூட்டில், அதே தங்கும் நேரத்தில் ஓட்டி டைட்ரேட் செய்யுங்கள். அசிட்டிக் அமிலமே கொஞ்சம் ஊக்கியாக வேலை செய்யும், அது எவ்வளவு என்று தெரிந்தால்தான் பிசினின் பங்கு தெரியும்.

அடுத்தது கசிவுச் சோதனை. குடுவை வினைகளில் ஊக்கியைச் சூடாக வடிகட்டிவிட்டு வினை தொடர்கிறதா என்று பார்ப்பார்கள், தொடர் ஓட்டத்தில் அது இன்னும் சுலபம், ஏனென்றால் வெளியே வருவதே வடிகட்டிய திரவம்தான். ஓட்டத்தைக் கூட்டி, மாற்றம் பாதி அளவில் இருக்கும்படி வையுங்கள். அந்தத் திரவத்தை இரண்டாகப் பிரித்து, ஒன்றை உடனே டைட்ரேட் செய்யுங்கள், மற்றதை மூடிய குப்பியில் 80 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்துவிட்டு டைட்ரேட் செய்யுங்கள். பிசினைத் தொடாத வெற்றுக் கலவை அதே ஒரு மணி நேரத்தில் மாறும் அளவுக்கு மேல் மாறியிருந்தால், ஏதோ அமிலம் கரைந்து வருகிறது. 90 சதவீத மாற்றத்தில் இந்தச் சோதனையைச் செய்து 'கசிவே இல்லை' என்று எழுதுபவர்கள் இருக்கிறார்கள். சமநிலைக்கு வந்துவிட்ட திரவம் அமிலம் இருந்தாலும் மேற்கொண்டு மாறாது, ஆகவே அந்தச் சோதனைக்கு அர்த்தமே இல்லை. கசிவு தெரிந்தால் திரவத்தைத் தண்ணீரில் குலுக்கி, நீர்ப்பகுதியில் பேரியம் குளோரைடு விட்டுப் பாருங்கள். வெள்ளைக் கலங்கல் வந்தால் சல்ஃபேட், பிசின் சிதைகிறது. கலங்கல் இல்லையென்றால் கழுவாமல் விட்ட சல்ஃபோனிக் துண்டுகளாக இருக்கலாம், அவை பேரியத்தோடு அப்படிப் படியாது.

மறுபயன்பாட்டைச் சோதிப்பது

நான் அதிகம் வற்புறுத்துவது இந்த இடத்தில்தான். 0.1 மி.லி. ஓட்டத்தில் பத்து மணி நேரமும் 90 சதவீதம் வந்தது, ஊக்கி நிலையாக இருக்கிறது என்று எழுதினால் அது எதையும் நிரூபிக்கவில்லை. சமநிலையை எட்ட ஐந்து நிமிடம் போதும் என்ற இடத்தில் நீங்கள் 25 நிமிடம் கொடுத்திருந்தால், பிசினில் பாதி செத்துப்போனாலும் அந்த 90 அசையாது. செயல்திறன் குறைவது கண்ணில் பட வேண்டுமென்றால் மாற்றம் 40, 50 சதவீதத்தில் இருக்கும்படி ஓட்டத்தைக் கூட்டியே சோதிக்க வேண்டும். நிமிடத்துக்கு 1 மி.லி. தள்ளியும் மாற்றம் அதிகமாகவே இருந்தால் சூட்டை 60 டிகிரிக்கு இறக்குங்கள்.

ஒரு நல்ல பழக்கம் சொல்கிறேன். ஒவ்வொரு நாளும் காலையில் வேகமான ஓட்டத்தில் ஓர் அளவு எடுங்கள், அப்புறம் மற்ற வேகங்கள், மாலையில் மறுபடி காலையில் வைத்த அதே வேகத்துக்கு வந்து அளவு எடுங்கள். இரண்டு டைட்டரும் ஒத்துப்போனால் நடுவில் எடுத்த எண்களை நம்பலாம். மாலை டைட்டர் ஏறியிருந்தால் ஊக்கி அன்றைக்கே இறங்கியிருக்கிறது, அந்த நாளின் வரைபடத்தைப் போடுவதற்கு முன் காரணம் தேடுங்கள்.

காரணங்கள் பெரும்பாலும் நாலைந்துதான். உலோக அயனிகள் வந்து அமிலத்தின் இடத்தைப் பிடித்திருக்கலாம், துருப்பிடித்த எஃகு இணைப்பிலிருந்து வரும் இரும்பு இதில் முக்கியமானது. வினைபொருளில் அமீன் ஒரு துளி இருந்தாலும் அதுவும் ஒட்டிக்கொள்ளும். பிசினுக்குள் தண்ணீர் தேங்கி வேகம் குறைந்திருக்கலாம், இது நிரந்தரம் இல்லை, உலர்ந்த பியூட்டனாலைக் கொஞ்ச நேரம் ஓட்டினாலே மீண்டுவிடும். துளைகளில் கனமான துணைப்பொருள் படிந்து மணிகள் கறுத்திருக்கலாம். சூடு எங்கோ எல்லை மீறி சல்ஃபோனிக் தொகுதி கழன்றிருக்கலாம், அப்படியென்றால் அந்தப் பிசின் அவ்வளவுதான்.

எது என்று தெரிய, பிசினில் கொஞ்சம் எடுத்து மெத்தனாலிலும் நீரிலும் கழுவி உலர்த்தி, முதல் நாள் செய்த உப்புக் கரைசல் டைட்ரேஷனை மறுபடி செய்யுங்கள். கொள்திறன் 4.7-இல் அப்படியே இருக்கிறது ஆனால் வேகம் போய்விட்டது என்றால் படிவு அல்லது தண்ணீர். கொள்திறனே இறங்கியிருந்தால், 1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஓர் ஐம்பது மி.லி. மெதுவாகப் படுகை வழியாக விட்டு, வெளியே வரும் நீரில் வெள்ளி நைட்ரேட் கலங்காத வரை அயனி நீக்கிய நீரில் கழுவி, மறுபடி அளந்து பாருங்கள். திரும்ப ஏறினால் அயனிகள் பிடித்த இடம்தான், ஊக்கியைத் தொடர்ந்து பயன்படுத்தலாம். ஏறவில்லை என்றால் தொகுதியே கழன்றுவிட்டது. இந்த அமிலக் கழுவலைக் கண்ணாடிக் குழாயில் மட்டும் செய்யுங்கள், எஃகுப் பம்புக்குள் குளோரைடு போகவே கூடாது, கையால் புனலில் ஊற்றினாலே போதும்.

வேலை முடிந்ததும் பம்பையும் குழாயையும் பியூட்டனாலால் அலசிவிட்டு, சூட்டை அணைத்து முழுக்க ஆறிய பிறகு இரு முனையையும் மூடி வையுங்கள். படுகை காய்ந்தால் மணிகள் சுருங்கி விரிசல் வழி உண்டாகும், அடுத்த முறை திரவம் அந்த வழியாகவே ஓடும். குழாயில் ஒரு சீட்டு ஒட்டி, எந்தப் பிசின், எத்தனை கிராம், முதல் நாள் கொள்திறன், இதுவரை ஓடிய மணி நேரம், கடைசியாக வேக ஓட்டத்தில் வந்த டைட்டர் ஆகியவற்றை எழுதுங்கள். பொடியாக வரும் ஜியோலைட்டுக்குப் போகும்போதும் இதே ஒழுங்குதான், ஆனால் பொடியை அப்படியே அடைக்க முடியாது. ஐஆர் லேபில் பொட்டாசியம் புரோமைடு வில்லை அழுத்தும் பிரஸ்ஸில் அழுத்தி, உடைத்து, 250-லிருந்து 500 மைக்ரான் வரை சலித்து எடுத்துக்கொள்ளுங்கள். வாங்கியது அமோனியம் வடிவமாக இருந்தால் 500, 550 டிகிரியில் சுட்டு ஹைட்ரஜன் வடிவமாக்கிய பிறகே குழாயில் போடுங்கள்.